குறை பிராம்ப்டரில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

யூடியூப்காரர்களும் மேடைப் பேச்சாளர்களும், பேச வேண்டியதைக் கண்ணெதிரே ஓடும் எழுத்தாகக் காட்டும் டெலிபிராம்ப்டரைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை குறைப்பட்டிருந்தது. ஒப்பிப்பது உண்மைதான். ஆனால் "நிறையப் பழகினால் சரியாகிவிடும்" என்ற தீர்வு பாதிதான் சரி. பேசுபவர் கேமரா முன் உட்காரும் முன்பே, ஸ்கிரிப்ட்டிலேயே பெரும்பாலும் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். பிராம்ப்டரில் ஒரு வரிக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு சொல்தான் பிடிக்கும். வாசிக்கும் வரிக்குக் கீழே தெரிவதும் மூன்று நான்கு வரிதான். இதைப் பாருங்கள்: "வட மாவட்டங்களில் கடந்த மூன்று நாட்களாகப் பெய்து வரும் கனமழையின் காரணமாகத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டு வருகின்றனர்." மக்களுக்கு என்ன ஆயிற்று என்பது பதினாறாவது சொல்லில்தான் வருகிறது. அது கண்ணில் படும் முன்பே வாயைத் திறந்தாக வேண்டும். எதை அழுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியாமல் குரல் ஒரே சுருதியில் போய், வரி முடியும் இடமெல்லாம் இறங்கும். அதையே, "வட மாவட்டங்கள்ல மூணு நாளா விடாத மழை. தாழ்வான பகுதிகள்ல தண்ணி புகுந்திருக்கு. அங்க இருக்கிறவங்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்று அடித்துக் கொடுத்தால், அதே ஆள் பேசுவார். செய்தி அறிக்கைக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டுமென்றால் இருக்கட்டும். வாக்கியத்தை மூன்றாக உடைப்பதை யார் தடுத்தார்கள்?

வரியை உடைக்கும் வேலையை பிராம்ப்டர் ஆப்பிடம் விடக்கூடாது. நீளமான சொல்லை அது "வழங்க" என்று ஒரு வரியிலும் "வில்லை" என்று அடுத்த வரியிலும் வெட்டிவிடும். அனுமதி வழங்கியதாகத் தொடங்கி, வழங்கவில்லை என்று முடிக்க நேரும். பொருள் முடியும் இடத்தில் நாமே என்டர் தட்ட வேண்டும். 3,47,60,000 என்று இலக்கத்தில் போட்டால் நாக்கு அங்கேயே நின்றுவிடும். "கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி" என்று எழுத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது வேகம். பிராம்ப்டர் ஓட்டுபவர்தான் பேசுபவரைப் பின்தொடர வேண்டும். எழுத்து ஓடுகிறதே என்று பேசுபவர் துரத்தக்கூடாது. தனியாகப் பதிவு செய்பவர்கள் ஆப்பில் ஒரே வேகத்தை வைத்துவிடுவதால்தான் இந்த ஓட்டம். கைக்கு அடக்கமான புளூடூத் ரிமோட்டோ கால் பெடலோ இருந்தால் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தத் தெரிந்தவர் பேச்சுதான் பேச்சு மாதிரி இருக்கும்.

கண் அசைவு காட்டிக்கொடுக்கிறது என்றால் கேமரா மிக அருகில் இருக்கிறது என்று பொருள். இரண்டு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள்; எழுத்தைப் பெரிதாக்கி, எழுத்து ஓடும் பத்தியின் அகலத்தைக் குறைத்து லென்ஸுக்கு நேரே வையுங்கள். போனைப் படுக்கவைத்து முன்பக்கக் கேமராவில் எடுத்தால் லென்ஸ் ஓரத்தில் இருக்கும், எழுத்து நடுவில் ஓடும். பார்வை விலகாமல் என்ன செய்யும்? வாசிக்கும்போது பலர் கண் சிமிட்டவே மறந்துவிடுகிறார்கள், அதனால்தான் அந்த முறைப்பு. முற்றுப்புள்ளி வரும்போது சிமிட்டினால் போதும். வெள்ளெழுத்துக்கு பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் கீழ்ப்பாதி வழியே படிக்க முகவாயைத் தூக்குவார்கள். படத்தில் அது திமிராகத் தெரியும். அந்தத் தூரத்துக்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே பிராம்ப்டர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைக்கும் கண்ணாடியில்தான் திரையின் எழுத்து பிரதிபலிக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் இரண்டு பரப்பும் பிரதிபலிப்பதால் எழுத்து இரட்டையாக விழும். வெளிச்சத்தில் ஒரு பகுதியைப் பிரதிபலித்து மீதியை உள்ளே விடும், ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள பீம் ஸ்பிளிட்டர் கண்ணாடியை 45 டிகிரி சாய்வில், பூச்சுப் பக்கம் எழுத்து ஓடும் திரையைப் பார்க்கும்படி பொருத்துங்கள். லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி மூடியிருக்க வேண்டும். 70/30 கண்ணாடி (70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட்டு 30 சதவீதத்தைப் பிரதிபலிப்பது) என்றால் லென்ஸுக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் குறையும். கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவான எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் (ஒளியை அளக்கும் படி) ஏற்றினால் ஈடாகும்.

மேடையில் பேசுபவரின் இரு பக்கமும் எழுத்து தெரியும் கண்ணாடித் தகடு வைப்பது வேறு கதை. இடம், வலம், இடம் என்று டென்னிஸ் பார்ப்பது போல் தலை ஆடுவது வாக்கியத்தின் நடுவில் திரும்புவதால்தான். வாக்கியம் முடிந்த பிறகு திரும்ப வேண்டும். நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சில வரிகளையாவது பார்க்காமல் நேராகச் சொல்ல வேண்டும்.

கையில் அச்சுப் பிரதி இருந்தே ஆக வேண்டும், பக்கத்தைப் பேச்சோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டும் வர வேண்டும். 1993 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சுகாதாரத் திட்டம் பற்றிப் பேச எழுந்த அதிபர் கிளிண்டனுக்கு, பிராம்ப்டரில் அந்த ஆண்டு பிப்ரவரியில் பேசிய உரை ஓடியது. சரியான உரையை ஏற்றும்வரை சில நிமிடங்கள் அவரே பேசிச் சமாளித்தார். ஒலிபெருக்கியைச் சோதிக்கும்போதே ஸ்கிரிப்ட்டின் முதல் வரியையும் கடைசி வரியையும் ஓட்டிப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. பெரும்பாலோர் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மேடையேறுகிறார்கள்.

– ஸ்டூடியோ ஊழியர் ஒருவர், சென்னை