குறுகிய மூச்சுக்குழாய் அறுவைக்கான சுவாசக் கருவி நிதி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு அறுவை நடக்கும் நேரத்தில் அவர்களுடைய சுவாசம் தடைபடாமல் காக்கும் கருவிகளை வாங்கவும், அவற்றைக் கையாள மயக்க மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி அளிக்கவும் எங்கள் குழு நிதி திரட்டி வருகிறது.

வளர்ந்தவர்களின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிமீட்டர் விட்டம் உடையது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் வென்டிலேட்டரில் இருந்து உயிர் மீண்டவர்களில் சிலருக்கு, தொண்டை வழியே செருகியிருந்த செயற்கைச் சுவாசக் குழாயின் முனையருகே ஊதிவைக்கப்படும் காற்றுப்பை மூச்சுக்குழாயின் உட்சுவரை அழுத்திய இடத்தில் தழும்பு இறுகி, வழி 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுவதுண்டு. சும்மா இருக்கும்போதே இரைச்சலோடு மூச்சிழுப்பவர்களை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

அறுவை மருத்துவருக்கு வேண்டிய இடமும், மயக்க மருத்துவர் காற்றைச் செலுத்த வேண்டிய வழியும் இங்கே ஒன்றே. வழக்கமான குழாய் அந்த இடுக்கில் நுழையாது. நுழைந்தாலும் அறுவைக்கு இடம் விடாது. அதனால்தான் மெல்லிய குழாய் வழியே ஆக்சிஜனை நிமிடத்துக்கு 100 முறைக்கு மேலும் பீய்ச்சவல்ல ஜெட் வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

காற்றை உள்ளே செலுத்துவதே கடினம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அஞ்ச வேண்டியது அது வெளியேறுவதைப் பற்றித்தான். வெளியேற வழியின்றித் தேங்கும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். கையால் இயக்கும் எளிய கருவியில், ஒவ்வொரு பீய்ச்சலுக்குப் பின்னும் நோயாளியின் மார்பு தாழ்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் முக்கியமான காவல். ஆகவே, அழுத்தம் வரம்பு மீறினால் தானே நின்றுவிடும் கருவியையே முதலில் வாங்க விரும்புகிறோம். விலை கூடுதல்தான், ஆயினும் இதில் சிக்கனம் கூடாது என்பது குழுவின் உறுதியான கருத்து.

ஜெட் முறையில் வெளிமூச்சை வைத்துக் கார்பன் டை ஆக்சைடை நம்பகமாக அளப்பது கடினம் என்பதால், தோல் வழியே அதைக் கணிக்கும் மானிட்டர் ஒன்றும் வேண்டும்.

சுருங்கிய பகுதியை வெட்டி நீக்கி இரு முனைகளையும் தைத்து இணைக்கும் பெரிய அறுவையில், திறந்திருக்கும் கீழ்முனைக்குள் நேரடியாகக் குழாயைச் செருகி, தையலிட இடம் வேண்டும்போது எடுத்து, ஆக்சிஜன் குறையும் முன் மீண்டும் செருக வேண்டியிருக்கிறது. இதற்குக் கிருமி நீக்கிய, வளையும் குழாய்கள் பல அளவுகளில் தேவை. அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒருவர் கையசைவை மற்றவர் அறிந்து செயல்பட வேண்டிய நிமிடங்கள் அவை. பயிற்சிப் பொம்மையில் பலமுறை ஒத்திகை பார்க்காமல் அந்த இசைவு வராது.

தங்களால் இயன்ற தொகை எதுவாயினும் நன்றியுடன் ஏற்று ரசீது அளிப்போம். வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பிவைப்போம்.

இங்ஙனம்,
நிதி திரட்டும் குழுவினர்