மண்பானை என்று தெரிந்துதானே ஏற்றினீர்கள்?

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், கூரியர் நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை

அனுப்புநர்: ஆன்லைனில் மண்பாண்டம் விற்கும் உங்கள் வாடிக்கையாளர், மானாமதுரை, சிவகங்கை மாவட்டம்

பொருள்: கோயம்புத்தூருக்கு அனுப்பிய பார்சல் உடைந்ததும், அதற்கு இழப்பீடு மறுக்கப்பட்டதும்

வணக்கம்.

உங்கள் கிளெய்ம் பிரிவு அனுப்பிய மெயிலைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உடையக்கூடிய பொருள், பேக்கிங் போதவில்லை, தயாரிப்பிலேயே விரிசல் இருந்திருக்கலாம் என்று மூன்று காரணத்தை ஒரே மூச்சில் எழுதி, இழப்பீடு கிடையாது என்று புகாரை மூடிவிட்டீர்கள். மூன்றையும் நான் ஏற்கவில்லை. இந்தக் கடிதத்தையாவது ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கோயம்புத்தூரில் புது வீடு கட்டிய ஒரு குடும்பம், கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்ச ஒரு பானையும் கூடவே குழம்புச் சட்டி, தண்ணீர்ப் பானை எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்க்கு என்னிடம் ஆர்டர் போட்டிருந்தார்கள். விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டி போய்ச் சேர்ந்தது. பிரித்தால் பால் பானையின் வாய் ஒரு பக்கம் முழுசாகப் பெயர்ந்து கிடக்கிறது, தண்ணீர்ப் பானை அடிவரைக்கும் பிளந்துவிட்டது, குழம்புச் சட்டி மட்டும் தப்பித்தது. புது வீட்டுக்குள் உடைந்த பானை வந்தால் பெரியவர்கள் மனசு என்ன பாடுபடும்? அந்த அம்மா போனில் என்னைத் திட்டக்கூட இல்லை. "நாளைக்குக் காலையில விசேஷம் தம்பி, இப்ப நான் எங்க போய்ப் பானை தேடுவேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்று விற்கிறவன் சொல்ல முடியாது, அது நியாயமும்கூட. ஆனால் உடைத்தது நானும் இல்லை, வாங்கியவரும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெட்டி உங்கள் கையில்தான் இருந்தது.

முதலில் அந்த விரிசல் கதை. நன்றாக வெந்த பானையை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். கண்ணுக்கே தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் அடைத்துப்போய்விடும். கச்சேரிக்குப் போகும் கடம் செய்கிற ஊர் இது, சத்தத்தை வைத்துப் பானையைத் தரம் பார்ப்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு பானையையும் சுண்டிக் காட்டி, அந்தச் சத்தத்தோடு வீடியோ எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறேன். அந்த வீடியோவை முதல் புகாரிலேயே இணைத்திருந்தேன். அதைத் திறந்து பார்த்திருந்தால் விரிசல் இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்க மாட்டீர்கள். எங்கள் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சக்கரத்தில் உட்கார்ந்து வனைகிறவர் வேலையை ஆதாரமே இல்லாமல் குறை சொன்னது எனக்குப் பணத்தை மறுத்ததைவிட அதிகமாக வலித்தது.

அடுத்தது பேக்கிங். பானைக்குள் வைக்கோல் திணித்து, வெளியே பபிள் ஷீட் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டைப்பெட்டியில் போட்டு, அவற்றை ஐந்தடுக்கு அட்டையில் செய்த பெரிய பெட்டிக்குள் இறக்கி, நாலு பக்கமும் இடைவெளியை அடைத்து அனுப்பினேன். பெட்டியின் அளவு 40 × 40 × 50 சென்டிமீட்டர். உள்ளே இருந்த மொத்த எடை 7 கிலோ. நீங்கள் போட்ட பில் 16 கிலோவுக்கு, ஏனென்றால் நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து எது அதிகமோ அதற்குத்தான் கூலி வாங்குகிறீர்கள். சரி, அது உங்கள் கணக்கு, நான் மறுப்பேதும் சொல்லாமல் 640 ரூபாய் கட்டினேன். பானையைப் பாதுகாக்க நான் விட்ட இடைவெளிக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டு, அப்புறம் பாதுகாப்பு போதவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பெட்டியை எடுக்க வந்த உங்கள் பையன் அளந்து, எடை போட்டு, போட்டோ எடுத்து, ஒன்றும் சொல்லாமல்தான் வாங்கிக்கொண்டு போனார். குறை இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கலாம், பிரித்து வேறு மாதிரி கட்டித் தந்திருப்பேன்.

வாங்கியவர் அனுப்பிய படங்களைத் திரும்பவும் இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டியின் ஒரு கீழ் மூலை நசுங்கி உள்ளே போயிருக்கிறது, அது உயரத்திலிருந்து மூலை குத்தி விழுந்த அடையாளம். மேல்பக்கம் குழிந்திருக்கிறது, அது மேலே கனமான சரக்கை அடுக்கியதால் வந்தது. 'உடையும் பொருள், இந்தப் பக்கம் மேலே' என்ற ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருக்கிறது, யாரும் அதை மதிக்கவில்லை. வாங்கியவர் பெட்டி நசுங்கியிருக்கிறதே என்று கேட்டதற்கு, ஓடிபி சொன்னால்தான் பிரிக்க விடுவேன் என்றிருக்கிறார் டெலிவரிக்கு வந்தவர். ஓடிபி சொன்ன அந்த நொடியே உங்கள் ரெக்கார்டில் 'நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்று ஏறிவிட்டது. இப்போது அதையும் எனக்கு எதிராகக் காட்டுகிறீர்கள்.

உடையக்கூடிய பொருள் என்பதற்கு வருகிறேன். உங்கள் ஆப்பில் புக் பண்ணும்போது பொருளின் வகை என்ற இடத்தில் 'மண்பாண்டம்' என்று நீங்களே ஒரு தேர்வு வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் அழுத்தினேன். அங்கேயே இன்சூரன்ஸும் எடுக்கப் பார்த்தேன், இந்த வகைக்குக் கிடையாது என்று வந்தது. கூடுதலாகக் காசு கட்டத் தயாராக இருந்தவனுக்கு அந்த வழியையும் அடைத்துவிட்டு, கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு, உடைந்த பிறகு அது மண் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? எடுக்க முடியாது என்றால் எடுக்காதீர்கள். எடுத்தால் பொறுப்பேற்க வேண்டும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் கூரியர் நிறுவனங்களும் அடங்கும். சரக்கு சேதமானால், உங்கள் ஆட்களின் கவனக்குறைவை நான் நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அதிக மதிப்பு எழுதிக் கொடுக்காத சரக்குக்குக்கூட, அதன் கீழ் உள்ள விதிகளின்படி கூலியின் 10 மடங்கு வரை பொறுப்பு உண்டு. நான் கேட்பது அதற்கு வெகு கீழே. புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம், இந்தக் கடிதத்தையே அந்த நோட்டீஸாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். உடைந்த இரண்டு பானைகளின் விலை 1,300 ரூபாயும், கூலி 640 ரூபாயும் சேர்த்து 1,940 ரூபாய் என் கணக்குக்கு வர வேண்டும். கிளெய்மை மறுத்தவர் எந்த ஆதாரத்தைப் பார்த்து மறுத்தார் என்பது எழுத்தில் வேண்டும். அப்புறம், பெட்டி வெளியிலேயே நசுங்கியிருந்தால் டெலிவரி ஆள் அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஓடிபி கேட்க வேண்டும் என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். இது எனக்காக மட்டும் கேட்கவில்லை. இங்கே என்னைப் போலப் பலர் வீட்டிலிருந்தபடியே போனில் ஆர்டர் எடுத்து உங்கள் வண்டியை நம்பித்தான் அனுப்புகிறார்கள், ஒரு பார்சல் உடைந்தால் அடுத்த சில பார்சலின் லாபம் அதிலேயே போய்விடுகிறது.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, இ-ஜாக்ரிதி தளம் வழியாகச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
மானாமதுரையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பேக்கிங் வீடியோ, பெட்டியின் படங்கள், வாங்கியவர் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, கூலி ரசீது, பணம் திருப்பி அனுப்பியதற்கான ரசீது