சுற்று முடிந்த பிறகும் உயிரோடிருக்கும் பாயிண்டர்

அன்புள்ள நண்பா,

உன் மகள் கல்லூரிக்குப் போகிறாளா! நம்பவே முடியவில்லை. அவளுக்கு என் வாழ்த்துகள்.

இன்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடுதான் குடித்தனமா என்று கேட்டிருந்தாய். ஆமாம். இப்போது பழைய டிரைவர்களில் லிங்க்டு லிஸ்ட் (ஒன்று அடுத்ததைச் சுட்டும் உறுப்புகளின் தொடர்) சுற்றும் லூப்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி நம் இருவருக்கும் மனப்பாடமான மேக்ரோதான். தேடியது கிடைத்து பிரேக் ஆனால் வம்பில்லை. கிடைக்காமல் லூப் ஓடி முடிந்தால்தான் வினை. இட்டரேட்டர் (நடப்பு உறுப்பைச் சுட்டும் பாயிண்டர்) நல், அதாவது எதையும் சுட்டாத வெற்று மதிப்பு, ஆகியிருக்கும் என்று நம்பி, லூப்புக்குக் கீழே ஒரு 'இஃப்' வைத்திருப்பார்கள். அது நல் ஆகவே ஆகாது. கெர்னல் லிஸ்ட் வட்டமானது, சுற்றி, லிஸ்டின் தொடக்கமான ஹெட்டுக்கே வந்து நிற்கும். ஹெட் எந்த உறுப்புக்குள்ளும் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் இணைப்பின் முகவரியிலிருந்து முழு உறுப்பின் முகவரியைக் கணக்கிடும் கன்டெய்னர்_ஆஃப் அதையெல்லாம் பார்க்காது. ஹெட்டின் முகவரியிலிருந்து ஆஃப்செட்டை (உறுப்புக்குள் அந்த இணைப்பு இருக்கும் தூரத்தை) கழித்து, இல்லாத உறுப்புக்கு ஒரு முகவரி கொடுத்துவிடும். அந்த முகவரியில் ஏதாவது எழுதினால், ஹெட்டைத் தாங்கிய ஸ்ட்ரக்சரில் பக்கத்து ஃபீல்டு ஒன்று கெடலாம். அந்த நினைவகம் முறையாக ஒதுக்கப்பட்டதாகவே இருந்தால் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானும் வாய் திறக்காது. கோளாறு வேறெங்கோ, வேறொரு நாள் தலைகாட்டும்.

குசும்பு என்னவென்றால், ஹெச்லிஸ்ட் என்ற வட்டமில்லாத இன்னொரு வகை லிஸ்டின் மேக்ரோவில் அதே சோதனை சரியாக வேலை செய்யும், அங்கே முடிவில் வருவது நல்தான். ஒன்றில் பழகிய கை இன்னொன்றிலும் அப்படியே எழுதிவிடுகிறது.

நான் அனுப்பும் பேட்ச் எளிமையானது. முடிவுக்குத் தனி மாறி, தொடக்கத்தில் நல். கிடைத்தால் அதில் வைத்துவிட்டு பிரேக். லூப்புக்குப் பிறகு இட்டரேட்டரைத் தொடுவதே இல்லை. ஹெட்தானா என்று லூப்புக்குக் கீழே கேட்டுப் பார்க்கலாம் என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை, அடுத்து வருபவர் அந்தச் சோதனைக்கு மேலேயே ஒரு வரி சேர்த்துவிடுவார்.

2022-ல் இதே விவகாரம் பெரிதானது நினைவிருக்கும். மாறியை லூப்புக்குள்ளேயே அறிவிக்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றார் லினக்ஸை உருவாக்கிய லைனஸ். சி மொழியின் பழைய பதிப்பான சி89 அதற்கு இடம் தரவில்லை. 5.18 வெளியீட்டில் கெர்னல் சி11-க்கு மாறியதற்கு இதுதான் தூண்டுதல். ஒரு லூப் மாறிக்காக மொழியின் பதிப்பையே மாற்றினார்கள்!

அப்புறம், சுற்றும்போதே உறுப்பை நீக்க உதவும் அந்த '_சேஃப்' மேக்ரோ. பெயரைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. அடுத்த உறுப்பை முன்கூட்டியே எடுத்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. லூப்பின் நடுவில் லாக்கை (மற்றவர் லிஸ்டைத் தொடாமல் தடுக்கும் பூட்டை) விட்டுவிட்டால், அந்த அடுத்ததையே இன்னொரு த்ரெட் கழற்றிவிடலாம்.

உன் டிரைவரில் டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரங்களின் மரம்) நோடுகளைச் சுற்றும் லூப்கள் நிறைய இருக்குமே. பாதியில் பிரேக் அல்லது ரிட்டர்ன் ஆகும் இடங்களில், பிடித்து வைத்த நோடை விடுவிக்கும் ஓஎஃப்_நோட்_புட் இருக்கிறதா என்று ஒரு க்ரெப் போட்டுப் பார். இல்லையென்றால் ரெஃபரன்ஸ் கசிகிறது. என்ன கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்