மைக்கில் பேர் கூப்பிட்டால் சொல்கிறேன் என்ற தம்பிக்கு

அம்மா ஐசியூவிலிருந்து மீண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இன்னமும் தினம் யாராவது "எப்படி இருக்காங்க" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறீர்கள். எழுந்து நடக்கிறாள், ரசத்தில் உப்பு இல்லை என்கிறாள், பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தைத் திட்டுகிறாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பும் இல்லை. போன் அடித்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பி பாசிட்டிவ் பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு) வேண்டும் என்று நான் போட்ட நாலு வரியைப் பகிர்ந்த எல்லோருக்கும், தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தும் அங்கிருந்தபடியே ஆள் தேடிக் கொடுத்தவர்களுக்கும், தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து வந்து, ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுக்கும் மெஷினில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கொடுத்துவிட்டு ஒரு காபிகூட வாங்கிக்கொள்ளாமல் போன அண்ணனுக்கும், ஐசியூ நர்ஸ்களுக்கும், தரை துடைக்க வரும்போதெல்லாம் "உங்கம்மா இன்னிக்கு கண்ணத் தொறந்து பாத்தாங்க" என்று என் காதில் போட்டுவிட்டுப் போன அக்காவுக்கும், சாவியை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட மேல்மாடி மாமிக்கும், ஆபீசில் என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கும், பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, கிவிப் பழம் என்று ராத்திரி பகலாக அனுப்பிக்கொண்டே இருந்த சொந்தக்காரர்களுக்கும்கூட (அம்மாவுக்கு அப்போது தண்ணீரே வாயில் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்) நன்றி. ஒவ்வொருவர் பேராகப் போட்டால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால் மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒருத்தனுக்கு மட்டும் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. பேர் போடாதே, போட்டோ போடாதே என்று கறாராகச் சொல்லிவிட்டான், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்.

ரத்த வங்கியில் பை பையாக அடுக்கி வைத்திருப்பார்கள், போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். பிளேட்லெட் அப்படி இல்லை. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரிக்குள், சதா ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்திருக்க வேண்டும், அப்படி வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். மழைக்காலத்தில், ஊரே டெங்குவில் படுத்திருக்கும்போது, அந்த ஐந்து நாள்கூட எந்தப் பையும் தங்குவதில்லை. மெஷினில் உட்கார்ந்து கொடுக்க வருகிறவருக்கோ எடை பார்ப்பார்கள், கை நரம்பு பார்ப்பார்கள், அவருடைய பிளேட்லெட் எண்ணிக்கையே ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாலு பேர் வந்தால் ஒருவர் தேறுவார்.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் தம்பி. யாரோ யாருக்கோ அனுப்பி அது எப்படியோ அவனுக்குப் போயிருக்கிறது. சைலன்சர் மாற்றிய பைக் சத்தம் உள்ளே வரை கேட்டது. தலையில் பாதி செம்பட்டைச் சாயம், இரண்டு காதிலும் கடுக்கன், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை டாட்டூ. அவனுக்கு முன்னாலும் பின்னாலும் நாலைந்து பேர் வாசலைத் தாண்டிப் போனார்கள், செக்யூரிட்டி ஒருவரையும் நிறுத்தவில்லை. இவனை மட்டும் நிறுத்தி, யாரைப் பார்க்கணும், பாஸ் எங்கே, பையில் என்ன என்று கேட்டார். நான் ஓடிப் போய் "ரத்தம் குடுக்க வந்திருக்கார்" என்று சொன்ன பிறகும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். தம்பி கோபப்படவில்லை. இது தினம் நடப்பது போலப் பையைத் திறந்து காட்டிவிட்டு ஜிப்பை மூடிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன.

ரத்தம் எடுக்கும் முன் ஒரு படிவம் கொடுப்பார்கள் இல்லையா, போன மாதம் மஞ்சள் காமாலை வந்ததா, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். அதில் கடந்த 12 மாதங்களில் டாட்டூ குத்திக்கொண்டீர்களா என்றும் ஒரு கேள்வி. டாட்டூ எப்போது குத்தியது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மூன்று வருஷம் ஆச்சு என்று அவன் எழுதியிருந்தால் அடுத்த பத்தாவது நிமிடம் ஊசி போட்டிருப்பார்கள். தம்பி எட்டு மாதம் என்று எழுதினான். கவுன்சலர் முடியாது என்று சொல்லிவிட்டார். எடுக்கிற ரத்தத்தை எச்ஐவி, ஹெபடைடிஸ் எல்லாம் சோதித்துத்தான் ஏற்றுகிறார்கள், ஆனாலும் தொற்று வந்த புதிதில் சோதனையில் தெரியாமல் போகலாம், அதற்காகத்தான் அந்த ஒரு வருடக் கணக்கு. அப்போது நான் இருந்த நிலையில், ஏண்டா உண்மையை எழுதினாய் என்றுகூடக் கேட்டிருப்பேன். அவனே சொன்னான்: "உங்கம்மாவுக்குள்ள போறதுக்கா. டவுட்டா குடுக்கக் கூடாது."

முடியாது என்று சொன்னால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், அதுதான் நியாயமும். இவன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தான். நடுவில் என்னைப் பார்த்து, வேற என்ன பண்ணட்டும் என்று கேட்டான். எனக்கோ வேறொரு ரத்த வங்கியில் ஒரு பை இருப்பதாகத் தகவல் வந்திருந்தது, அம்மாவின் ரத்த மாதிரியையும் டாக்டர் எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். போனால் அப்பா தனி.

அப்பா தனியாக இருப்பதில் வேறு ஒன்றும் கஷ்டமில்லை, மைக்தான் கஷ்டம். ஐசியூவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாமே அந்த மைக்தான். மருந்து வாங்கி வர, கையெழுத்துப் போட, டாக்டர் பேச, எல்லாவற்றுக்கும் "பெட் நம்பர் இத்தனை, அட்டெண்டர்" என்று ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை கூப்பிடுவார்கள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் காலம் தள்ளியவர். தகரம் வெட்டும் சத்தத்திலேயே காது போய்விட்டது. அந்த மாதிரிப் போகிற காதில் முதலில் போவது மேல் ஸ்தாயிச் சத்தங்கள். யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிரியாது, பெண் குரல் என்றால் இன்னும் மோசம். அன்றைக்குப் பார்த்து காது மெஷின் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை மைக் கொரகொரக்கும்போதும் எழுந்து நின்று, கவுண்டர் வரை நடந்து, நம்மையா, நம்மையா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். உட்காரவே இல்லை.

தம்பி அதைப் பார்த்திருக்கிறான். "நீங்க போங்கக்கா. பேர் கூப்ட்டா நான் சொல்றேன்" என்றான்.

இனி வருவதெல்லாம் அப்பா சொன்னது. நான் கிளம்பியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாவின் முழங்காலில் இரண்டு முறை தட்டிக் காட்டினானாம், இப்படித் தட்டினால் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். மைக் ஒலிக்கும், அப்பா அவன் முகத்தைப் பார்ப்பார், இல்லை என்று தலையாட்டுவான். மறுபடி மைக், மறுபடி முகம், மறுபடி இல்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அப்புறம் தூங்கிவிட்டார். அம்மாவைச் சேர்த்ததிலிருந்து அவர் சரியாகக் கண்ணை மூடியது அன்றைக்குத்தான். நடுராத்திரிக்கு மேல் கூப்பிட்டபோது தோளைப் பிடித்து உலுக்கவில்லையாம், உலுக்கினால் பதறிப் போவார் என்று அதே முழங்காலில் மெதுவாக இரண்டு தட்டு. மருந்துச் சீட்டுதான். அவனே போய் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை பில்லில் சுருட்டி அப்பா சட்டைப் பையில் வைத்துவிட்டு, உட்கார்ந்துகொண்டான்.

எதிர் வரிசையில் ஒரு அம்மா. தம்பி வந்து உட்கார்ந்தபோது கைப்பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பையில் ஆபரேஷனுக்குக் கட்ட வேண்டிய பணம் இருந்திருக்கலாம். ஆனால் அதே அம்மா, நேரம் போகப் போக இந்த முழங்கால் விஷயத்தைக் கவனித்திருக்கிறார். "தம்பி, பதினொண்ணாம் நம்பர் கூப்ட்டா எனக்கும் சொல்றியா, கண்ணு சொக்குது" என்று கேட்டாராம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நாலாம் நம்பர். விடியும்போது நான் பையோடு ஓடி வந்து பார்த்தால் (ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதே, கையிலேயே எடுத்துப் போ என்று அந்த வங்கியில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள்) அந்த வரிசை முழுக்க வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது, இவன் ஒருத்தன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

இத்தனை இரைச்சலில் எப்படிடா கேட்கிறது என்றேன். "மேளம் அடிக்கிற காதுக்கா. எவ்ளோ சத்தத்துலயும் தலைவர் குரல் தனியா கேக்கும், கேக்கலன்னா அடி மாறிடும்." அப்பா என்ன மேளம் என்று ஏற்கெனவே கேட்டாராம், கல்யாண மேளம் என்று சொல்லியிருக்கிறான். உண்மை தெரிந்தது அவன் கூப்பிட்டு வந்த நண்பனால். அந்தப் பையன் எல்லாச் சோதனையும் தேறி, கொடுத்தும் முடித்தான். இன்று முழுக்க அந்தக் கையால் கனமாக எதையும் தூக்காதே என்று நர்ஸ் சொன்னதற்கு, "டோல் அடிக்கலாமா சிஸ்டர், பத்து மணிக்கு ஒரு சாவு இருக்கு" என்று கேட்டுவிட்டான். தம்பி அவன் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. ஐசியூ வாசலில் பெண்டாட்டிக்காக உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் சாவு மேளம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. படிவத்தில் கட்டாத பொய்யை அங்கே கட்டியிருக்கிறான்.

இன்னொன்றும் கவனித்தேன். எந்த ஏரியா என்று கேட்டால் தொரைப்பாக்கம் என்றுதான் சொன்னான். கண்ணகி நகர் என்று எனக்குத் தெரிந்தது பிற்பாடு, பேச்சுவாக்கில். 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம் கரை, அடையாறு கரை என்று சென்னை நகரத்துக்குள் இருந்தவர்களைக் கிளப்பிக் கொண்டுபோய் ஓஎம்ஆர் பக்கம் 15,000க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வீடுகளில் வைத்தார்களே, அந்த இடம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டட ஐடி கம்பெனிகள், உள்ளே இருக்கும் பிள்ளைகள் வேலைக்கு எழுதிப் போடும்போது விலாசத்தை மாற்றி எழுதுகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் இருந்த பெண்ணைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றே எல்லோரும் கொண்டாடினோம். நல்லதுதான், எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் பையைத் திறந்து காட்டுகிறவனிடம் எந்தத் தங்கத்தைக் கேட்பது? ராத்திரி முழுக்க ஒருத்தர் பேருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு மெடல் கிடையாது. அந்த வரிசையில் தூங்கிய நாலு குடும்பத்தைத் தவிர யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவிடம் கேட்டேன், அவனைப் பார்த்ததும் உங்களுக்குப் பயமாக இல்லையா என்று. "எனக்குத்தான் காதே கேக்கலையே, அவன் பைக் சத்தம் எனக்கு எப்பிடித் தெரியும்" என்றார். சிரித்துவிட்டு அப்புறம் சொன்னார், அவன் கை விரலெல்லாம் காய்ப்பு காய்ச்சிருந்துச்சு, வேலை செய்யிற கைன்னு தெரிஞ்சுது என்று. பிரஸ் ஷாப்காரர் பார்த்தது டாட்டூவுக்குக் கீழே இருந்த விரலை.

சரி, எனக்கு நானே சொல்லிக்கொண்ட இரண்டு விஷயங்களையும் இங்கே எழுதிவிடுகிறேன், நாலு பேர் பார்க்க எழுதினால்தான் செய்வேன். ஒன்று, மெஷினில் கொடுக்கிறவர்கள் பட்டியலில் என் பேரைக் கொடுத்துவிட்டேன். பி பாசிட்டிவ், ராத்திரி ஆனாலும் கூப்பிடுங்கள். இரண்டு, காத்திருக்கும் இடத்தில் பெட் நம்பரை எழுத்தில் காட்டும் ஒரு சின்ன போர்டு வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு மனு எழுதியிருக்கிறேன். பேங்கில் டோக்கனுக்கு வைக்கிறார்களே, அதுதான், பெரிய செலவில்லை. காது கேட்காத ஒவ்வொருவருக்கும் ஒரு தம்பி கிடைக்க மாட்டான். பதில் வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப எழுதுவேன். உங்களில் யாராவது ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருந்தால் உங்கள் இடத்தில் முதலில் வையுங்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அக்கா ஏன் இதெல்லாம் எழுதினாய் என்று திட்டுவாய், திட்டிக்கொள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், என்ன மேளம் என்பது உட்பட. அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை, அவளுடைய கவலை வேறு: பையன் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டானா என்று கேட்கிறாள், எங்கள் ரெண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை, அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேளச் செட்டு எதுவும் இல்லையென்றால் உன் டோல்கார நண்பனையும் கூட்டிக்கொண்டு மதியம் வீட்டுக்கு வா. மீன் வஞ்சிரமா, சங்கராவா என்று மட்டும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு. அப்பா காசிமேட்டுக்கு விடிகாலையில் போக வேண்டும்.