சுயமதிப்பீட்டுக் குறிப்பேட்டை ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள்

எங்கள் குமரி மாவட்டத்தில் பள்ளிகளைப் பார்வையிட வரும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

சுயமதிப்பீட்டுக் குறிப்பேட்டில் 'இன்றைய பாடம் சரியாகப் போகவில்லை' என்று எழுதிய ஓர் ஆசிரியரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அதன் பிறகு சுற்றுவட்டாரக் குறிப்பேடுகளில் எல்லாம் ஒரே வரிதான்: 'மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்.' அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள்தான் என்பதால் இது உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடக்கிறது என்று வையுங்கள். பாதி வகுப்பு 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது. மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிட்டார்கள். 'கவனக்குறைவு' என்று எழுதினால் அதோடு முடிந்தது. கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் காரணம் தெரியும். அரைக்கு வரைந்த வட்டம் பெரிது, மூன்றில் ஒன்றுக்கு வரைந்தது சிறிது. முழுசே வேறு வேறாக இருக்கும்போது பிள்ளை எதை எதோடு கூட்டும்? ஆசிரியர் எழுத வேண்டியது இதுதான்: 'வட்டம் வேண்டாம். நாளை 12 செ.மீ. காகிதப் பட்டை. அரை 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ. சேர்த்து வைத்தால் 10. பன்னிரண்டில் பத்து, 5/6. அதே பட்டையில் 2/5 வெறும் 4.8 செ.மீ.; அரையைவிடக் குறைவு என்று பிள்ளைகளே அளந்து சொல்லட்டும்.'

தான் வரைந்த வட்டம் தப்பு என்று ஒத்துக்கொள்ளாமல் இதை எழுத முடியாது. ஒத்துக்கொண்டால் விளக்கம் கேட்பீர்கள் என்றால் யார் எழுதுவார்? ஆகவே அந்தக் குறிப்பேட்டை ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள். கையெழுத்து வேண்டாம், மதிப்பெண் வேண்டாம்.

ஆசிரியர் தன் பாடத்தில் பத்து நிமிடத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, தனியாகக் கேட்டுவிட்டு அழித்துவிடலாம். கேள்வி கேட்டபின் எத்தனை வினாடி பொறுத்தோம் என்று எண்ணினால் போதும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பொதுவாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று வினாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசிவிட்டு வரும் பிள்ளைக்குப் பதில் தெரியும்; தமிழ்ச் சொல்லைத் தேடத்தான் அந்த மூன்று வினாடி.

இப்படித் தன் பாடத்தைத் திரும்பிப் பார்க்க வாரம் ஒரு பாடவேளை வேண்டும். எங்கே இருக்கிறது? எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் கல்வித் துறை இணையதளம்) பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, வாக்காளர் பட்டியல் வேலை. மலையோர ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பு. இதையெல்லாம் எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று! போகட்டும், இந்த மடலில் கேட்பது ஒன்றுதான்.

தயவுசெய்து குறிப்பேட்டை ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள். அடுத்தமுறை வரும்போது 'நோட்டை எடுங்கள்' என்பதற்குப் பதில், 'போன வாரத்துக்கு இந்த வாரம் எதை மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். அந்தக் காகிதப் பட்டையை மேசை மேல் எடுத்து வைப்பார்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட ஆசிரியர்கள் சிலர்