நங்கூரக் கயிறு வைக்கிற இடத்தப் பத்தி யாராவது பேசணும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல கடல் செய்தி தெனமும் வருது, புயல் எச்சரிக்கை, மானிய டீசல், முகத்துவாரத்துல மணல் அடைஞ்சது, எல்லாத்தையும் விடாம படிக்கிறவன் நான். ஆனா ஒரு விஷயத்த மட்டும் யாரும் எழுதிப் பாத்ததில்ல, அதான் நானே உக்காந்து எழுதுறேன். சின்னப் படகுல நங்கூரக் கயிறையும் சங்கிலியையும் எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்ங்கிறது. இதுல என்ன இருக்கு, மூலையில போட்டா கெடக்கும்னு தோணும். எனக்கும் போன ஆவணி வரைக்கும் அப்படித்தான் தோணுச்சு.

நான் தூத்தூர் பக்கம், நீரோடிக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவுல உள்ள கடக்கரை, நீரோடிய தாண்டுனா கேரளா. எங்க ஆளுங்க எல்லாம் ஆழ்கடலுக்குப் போறவங்க, நான் மட்டும் கொஞ்ச வருஷம் கொச்சியில பாய்ப்படகு பராமரிக்கிற வேலையில இருந்தேன், பாய் தைக்கிறது, பாய்மரத்து கம்பி மாத்துறது, ஃபைபர் ஒட்டுறது எல்லாம் அங்க கத்துக்கிட்டது. திரும்பி வரும்போது ஒரு பழைய 19 அடி பாய்ப்படகு வாங்கிட்டு வந்து சரி பண்ணி வச்சிருக்கேன், பின்னால ஒரு சின்ன இன்ஜின். எங்க பாட்டா கட்டுமரத்துல பாய் விரிச்சுப் போனவரு, அந்த ஆசை எனக்கு விடல.

நடந்தத சொல்றேன். நானும் தங்கச்சி மவனும் விழிஞ்ஞம் பக்கம் போயிட்டு சாயங்காலம் தேங்காப்பட்டணம் வந்துக்கிட்டு இருக்கோம், முகத்துவாரத்துக்கு வெளிய வந்ததும் காத்து செத்துப் போச்சு, பாய் தொங்குது, சரின்னு இன்ஜின போட்டா ரெண்டு நிமிஷம் ஓடி நின்னுடுச்சு, இழுத்து இழுத்துப் பாக்குறேன் புடிக்கவே இல்ல, நீவாடும் (கடல் நீரோட்டம்) அலையும் சேந்து எங்கள கல்லுப் பக்கம் தள்ளுது. அந்த முகத்துவாரத்துல எத்தன பேரு உசிர் போயிருக்குன்னு இந்த ஜில்லாவுல எல்லாருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டாம். நங்கூரத்த போடுறா மக்கான்னு கத்துனேன். அவன் போட்டான். ஒரு மூணு மீட்டர் போயிருக்கும், டக்குனு நின்னுடுச்சு. "மாமா, வரமாட்டேங்குது, உள்ள ஏதோ புடிக்குது"ன்னு அழற மாதிரி சொல்றான். அணியத்துல, அதான் படகோட முன்பக்கம், போய் நங்கூர அறைக்குள்ள கைய விட்டுப் பாத்தா உள்ள கயிறும் சங்கிலியும் ஒரே உருண்டையா கெடக்கு, சங்கிலிக் கண்ணிக்குள்ள கயித்து வளையம் பூந்து, அந்த வளையத்துக்குள்ள இன்னொரு வளையம் மாட்டி, ஈரத்துல இறுகி, இழுக்க இழுக்க முடிச்சு கெட்டியாவுது. எந்தப் பக்கம் இழுத்தா அவுறும்னு பாக்க வெளிச்சமும் இல்ல, நேரமும் இல்ல.

எங்கள காப்பாத்துனது ஒரு பழைய பெயிண்டு வாளி. அமரத்துல, அதான் பின்பக்கம், ஒரு சின்ன நங்கூரம் 40 மீட்டர் ரோப்போட அந்த வாளிக்குள்ள கெடந்துச்சு, சும்மா அவசரத்துக்குன்னு போட்டு வச்சது, சுத்தி எல்லாம் வைக்கல, கையால அப்படியே அள்ளி உள்ள விட்டது. அத எடுத்து எறிஞ்சேன், ஒரு சிக்கு இல்லாம சரசரன்னு ஓடுச்சு. ஓடுற ரோப்ப முன்னாடி கொண்டு போய் அணியத்துல கட்டுனேன், ஏன்னா அமரத்துலயே கட்டியிருந்தா அலை பின்னால ஏறி படக முக்கியிருக்கும். புடிச்சு நின்னப்ப கல்லுக்கும் எங்களுக்கும் நடுவுல மூணு படகு நீளம்தான் இருந்துச்சு. இரயுமன்துறை பசங்க ஒரு வள்ளத்துல வந்து இழுத்துட்டுப் போனாங்க, அந்தப் புள்ளைங்க நல்லா இருக்கணும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரே ஆளு வச்ச ரெண்டு கயிறு, ஒண்ணு ஓடுச்சு, ஒண்ணு ஓடல, ஏன்? மறுநாள் அந்த உருண்டைய வெளிய எடுத்து மணல்ல போட்டு ஒவ்வொரு சிக்கா பிரிச்சோம், முக்கா மணி நேரம் ஆச்சு. அப்பதான் புரிஞ்சுது.

நங்கூரம் தூக்கும்போது முதல்ல கயிறு வரும், பொறவு சங்கிலி, கடைசியில நங்கூரம். அதனால அறைக்குள்ள கயிறு அடியில, சங்கிலி மேல. திரும்பப் போடும்போது மேல உள்ளது முதல்ல போகும், அதுவரைக்கும் சரிதான். ஆனா நடுவுல படகு சும்மா இருக்குமா, அலையில குதிக்கும், பாய்ப்படகுன்னா சாய்ஞ்சுதான் ஓடும். கோபுரம் மாதிரி குவிஞ்ச சங்கிலி சாயும்போது ஒரு பக்கமா சரிஞ்சு கயித்து மேல விழுது, வெயிட்டு தாங்காம கயித்து வளையத்துக்குள்ள இறங்குது, பொறவு படகு அடுத்த பக்கம் சாயுது, இப்படியே ஒரு நாள் முழுக்க குலுக்குனா உருண்டை ஆவாம என்ன ஆவும்.

இன்னொரு தப்பு என்னோடது. கயிற முழங்கையில சுத்தி சுத்தி வட்டமா வச்சிருந்தேன், கொடிக்கயிறு சுத்துற மாதிரி. பாக்க அழகா இருக்கும். முறுக்குக் கயிற அப்படி ஒவ்வொரு சுத்தா சுத்துனா சுத்துக்கு ஒரு முறுக்கு ஏறும், ஓடும்போது அந்த முறுக்கு எட்டு எட்டா துள்ளி ஒண்ணோட ஒண்ணு மாட்டும், காலு பக்கத்துல இருந்தா கால்லயும் மாட்டும், கீழ போற நங்கூரம் ஆளையே இழுத்துடும். கயிற அப்படியே கை கையா வாளிக்குள்ள விழ விடணும், எப்படி விழுதோ அப்படியே கெடக்கட்டும், தொடக்கூடாது. விழுந்த வரிசைக்கு நேர் எதிரா அது ஏறி ஓடும்.

இப்ப நான் வச்சிருக்கிறது ரெண்டு பெட்டி. மீன் அள்ளுற ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி இருக்குல்ல, அதுல கயிறு தனி, பக்கத்துல ஒரு சின்ன வாளியில சங்கிலி தனி, வாளிக்கு அடியிலயும் தண்ணி வடிய ஓட்டை. கயிறும் சங்கிலியும் சேர்ற இடம் பெட்டி வாய் மேல போகும். ரெண்டையும் அணியத்து அறைக்குள்ள ஆடாம கட்டி வச்சிருக்கேன்.

இதுல ரொம்ப முக்கியம், கயித்தோட கடைசி முனை. அதுதான் அடியில போகும், அதனால கயிற உள்ள விடுறதுக்கு முன்னாடியே அந்த முனைய பெட்டி ஓட்டை வழியா வெளிய எடுத்து படகுல கெட்டியான வளையத்துல கட்டியாகணும். பொறவு கட்டிக்கலாம்னு விட்டா முடிஞ்சது, நங்கூரத்தோட முழுக் கயிறும் கடலுக்குள்ள போயிடும், பாத்திருக்கேன். முழுக்க சங்கிலி வச்சிருக்கவங்க கடைசி கண்ணிய நேரா ஷாக்கிள் (ஆணி போட்டு மூடுற கொக்கி வளையம்) போட்டு படகுல மாட்டாதீங்க, நடுவுல ஒரு துண்டு ரோப்பு வச்சுக் கட்டுங்க, உசிருக்கு ஆபத்துன்னா ஒரு கத்தியில அறுத்துட்டு ஓடலாம்.

என் படகுல அந்த வளையமே இல்ல சார். அறைக்கு தண்ணி வடியுற ஓட்டையும் இல்ல. வாங்கும்போதே கேட்டேன், அதெல்லாம் தேவையில்ல சேட்டா, எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்கன்னு சொன்னாங்க. நானே டெக்குக்கு அடியில கட்டை வச்சு போல்ட்டு போட்டேன், தண்ணி மட்டத்துக்கு மேல ஓட்டை போட்டேன், அந்த ஓட்டையும் மணலும் கிளிஞ்சலும் சேந்து அடைக்கும், வாரம் ஒருக்கா கம்பி விட்டுக் குத்தணும்.

வெயிட்டு விஷயமும் உண்டு. படகோட வந்தது 8 மில்லிமீட்டர் சங்கிலி 20 மீட்டர். மீட்டருக்கு 1.4 கிலோ பக்கம் வரும், அப்ப மொத்தம் 28 கிலோ, ஒரு அரிசி மூட்டைய தூக்கி 19 அடி படகோட மூக்கு நுனியில வச்ச மாதிரி. அலைக்கு மூக்கு ஏறாம குத்தும், ஓட்டமும் போகும். பாதி சங்கிலிய பாய்மரத்தடிக்கு மாத்திப் பாத்தேன், படகு நல்லா ஏறுச்சு, ஆனா பக்கத்துல இருந்த காம்பஸ் முள்ளு தப்பாக் காட்ட ஆரம்பிச்சுடுச்சு, இரும்பு குவியலுக்குப் பக்கத்துல காம்பஸ் நிக்காது. அதனால 6 மீட்டர் சங்கிலி மட்டும் முன்னாடி வச்சுக்கிட்டு மீதி எல்லாம் நைலான் கயிறு. நைலான் இழுபடும், அலை இழுக்குற இழுப்ப அது வாங்கிக்கும், சங்கிலி வெயிட்டுல அடியில படுத்து நங்கூரத்த மணல்ல கிடையா இழுக்கும், ரெண்டும் வேணும். வெல குறைவுன்னு பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ரோப்பு நெறைய பேரு வச்சிருக்காங்க, அது தண்ணியில மெதக்கும், இன்ஜின் விசிறியில சுத்தும், வெயில்ல கெடந்து பொடிப் பொடியா உதிரும், நங்கூரத்துக்கு அது ஆவாது.

எவ்வளவு நீளம் வேணும்னா, தண்ணி ஆழத்தோட அணியம் தண்ணிக்கு மேல நிக்கிற உயரத்தையும் கூட்டி, கயிறுன்னா ஏழு மடங்கு. 5 மீட்டர் தண்ணி, 1 மீட்டர் அணியம், அப்ப 42 மீட்டர். இருட்டுல எவ்வளவு போச்சுன்னு தெரிய 5 மீட்டருக்கு ஒரு துணித் துண்டு கயித்து முறுக்குக்குள்ள சொருகி வச்சிருக்கேன், கை தடவுனாலே எண்ணிடலாம்.

சங்கிலிக்கும் நங்கூரத்துக்கும் நடுவுல ஷாக்கிள் ஆணிய கட்டுக்கம்பியால கட்டிடுங்க, இல்லேன்னா தன்னால கழண்டுடும். பளபளன்னு இருக்கேன்னு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷாக்கிள ஜிங்க் பூசுன சங்கிலியில மாட்டாதீங்க, உப்புத்தண்ணியில பக்கத்து கண்ணி சீக்கிரம் துரு புடிக்கும். சகதியோட உள்ள போடக்கூடாது, பூவாறு பக்கம் பொழியில (ஆறு கடல்ல சேர்ற இடம்) போட்டு எடுத்தா கருப்புச் சேறு நாறும், ரெண்டு முக்கு முக்கி அலசிட்டு எடுக்கணும். மாசம் ஒருக்கா கயிற நல்ல தண்ணியில ஊறப்போட்டு நெழல்ல காயவைங்க, உப்பு ஏறுன கயிறு கம்பி மாதிரி வெறைக்கும், வெறைச்சது ஒழுங்கா விழாது. எங்க பாட்டா தென்னநார்க் கயிற கரையில விரிச்சு ஒவ்வொரு பாகமா தடவிப் பாத்து, நைஞ்ச இடத்த வெட்டிட்டுத்தான் அடுத்த நாள் போவாரு, கல்லு நங்கூரம்தான், ஆனா கயித்த ஒரு நாளும் ஈரத்தோட சுருட்டி வச்சதில்ல.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்து எங்க ஊர்கள்ல எத்தன வீட்டுல ஆம்பள இல்லாமப் போச்சு. அதுக்குப் பொறவு வகுப்பு எல்லாம் நடத்துனாங்க, லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ், ஜிபிஎஸ் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, நல்லதுதான், வேணும்தான். நான் போன வகுப்புல எழுந்து நங்கூரக் கயிறு பத்தி சொல்லுங்க சார்னு கேட்டேன், அது உங்களுக்கே தெரியுமேன்னு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. தெரியல சார். எனக்கே தெரியல, கொச்சியில வருஷக்கணக்கா பாய்ப்படகுல வேலை பாத்தவனுக்கு.

அதனால ரெண்டு வேண்டுகோள். வகுப்பு எடுக்குறவங்க ஒரு அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்கணும், கரையில வச்சு பசங்கள விட்டே கயிற வாளியில விட வைக்கணும். ஃபைபர் வள்ளம் செய்யுறவங்க அணியத்து அறையில ஒரு வளையமும் ஒரு வடிகால் ஓட்டையும் வச்சுக் குடுக்கணும், பெரிய செலவு ஒண்ணும் இல்ல. நம்ம மேற்குக் கரையில ஜூன் 1-லருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், எல்லாரும் வலையும் படகும் சரி பண்ணிக்கிட்டு கரையில இருப்பாங்க, அந்த நேரம் பாத்து நீங்க இத போட்டா நாலு பேரு படிச்சு கையோட செஞ்சிடுவாங்க. படம் பென்சில்ல வரைஞ்சு கூட வச்சிருக்கேன், ரெண்டு பெட்டி, வாய் மேல போற சங்கிலி, அடியில ஓட்டை வழியா வெளிய வர்ற கயிறு, வளையத்துல முடிச்சு. இடம் பத்தாம சின்னதாக்குனாலும் அந்த முடிச்ச மட்டும் பெருசாத் தெரியுற மாதிரி போடுங்க சார்.

இப்படிக்கு,
பாய்ப்படகு ஓட்டுற ஒரு வாசகன்,
தூத்தூர் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்