ஒன்றும் தோன்றவில்லை என்கிறாயே

அன்பு மகளுக்கு,

அன்றைக்குப் போனில் "ஒண்ணுமே தோணமாட்டேங்குதும்மா, வறண்டுபோச்சு" என்று சொன்னாய். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி நானும் வைத்துவிட்டேன். போனில் ஆறுதல்தான் சொல்ல வருகிறது. உனக்கு அது போதாது என்று பட்டதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் வைத்துவிட்டு அப்புறம் படி.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையப்போகிறேன் என்று நீ சொன்னபோது அப்பா கவலைப்பட்டது வருமானத்தை நினைத்து. என் கவலை வேறு. வேலை இருந்தவரை "நேரமே இல்லை" என்று ஒரு சாக்கு உனக்குத் துணையாக இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. வெறும் தாளுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை.

இத்தனை வருஷம் ஓவிய வகுப்பு எடுத்ததில் ஒன்றை அடிக்கடி பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு "என்ன மிஸ் வரையறது?" என்று விழிக்கும் பிள்ளையிடம் "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொன்னால் அது இன்னும் திணறும். "சன்னலுக்கு வெளியே எது ரொம்ப இருட்டா இருக்கு? அதை மட்டும் வரை" என்றால் பென்சில் ஓட ஆரம்பித்துவிடும். சுதந்திரம் கொடுத்தால் முடங்கிப்போகிற கை, ஒரு சின்னக் கேள்வியைக் கொடுத்ததும் நகர்கிறது. பெரிய கலைஞர்களின் கதைகளைப் படிக்கப் படிக்க, அவர்களுக்கும் இதேதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மனதில் தோன்றுவதெல்லாம் ஏதோ ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் தோன்றுகிறது. உனக்குப் பதில் வரவில்லை என்று நீ வருத்தப்படுகிறாய். நீ என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதுதான் என் சந்தேகம்.

பொயின்கரே என்று ஒரு பிரெஞ்சுக் கணித மேதை. ஓவியர் இல்லைதான், ஆனால் தனக்கு யோசனை எப்படி வந்தது என்று இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு. ஒரு வகைக் கணிதச் சார்புகளைப் பற்றி நாள்கணக்கில் மேசையில் உட்கார்ந்து முட்டி மோதியிருக்கிறார். பிறகு வேலையை மறந்துவிட்டு ஒரு சுற்றுலாப் போனார். குதிரை வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் விடை முழுசாக வந்து நின்றதாம். அதைச் சரிபார்க்கக்கூட இல்லை, ஏறி உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்திருக்கிறார். ஊர் திரும்பிய பிறகுதான் சரிபார்த்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் வண்டிப் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1908-இல் அவரே இதைச் சொன்னபோது கூடவே இன்னொன்றும் சொன்னார்: வீண் என்று தோன்றிய அந்த முந்தைய நாள்களின் உழைப்பு இல்லாமல் இப்படிப்பட்ட வெளிச்சம் வருவதே இல்லை, வந்த பிறகும் உட்கார்ந்து வேலை செய்துதான் அதை முடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வண்டியில் அன்றைக்கு இன்னும் எத்தனையோ பேர் ஏறியிருப்பார்கள். அவர்களுக்கு எதுவும் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்கள் அந்தக் கேள்வியோடு ஏறவில்லை.

உன் தொழிலுக்கு வருகிறேன். பிக்காசோவின் கெர்னிக்கா ஓவியம் உனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கள் அரங்குக்கு ஒரு பெரிய ஓவியம் வேண்டும் என்று ஸ்பெயின் குடியரசு அரசு அவரைக் கேட்டது 1937 ஜனவரியில். ஐம்பத்தைந்து வயது, உலகப் புகழ். ஆனாலும் ஏப்ரல் நடுவரைக்கும் என்ன வரைவது என்று பிடிபடவில்லை. ஓவியர் ஒருவர், எதிரே மாடல், ஒரு வரைகூடம் என்று பழகிய விஷயத்தையே கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ இப்போது இருக்கும் நிலைமைதான் என்று வைத்துக்கொள். ஏப்ரல் 26 அன்று ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் ஸ்பெயினில் கெர்னிக்கா என்ற ஊரின் மேல் குண்டு போட்டன. மே முதல் தேதி முதல் கோட்டோவியம். ஜூன் தொடக்கத்தில், ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலமும் உள்ள அந்த ஓவியம் தயார்.

கோபம் வந்தது, ஓவியம் வந்தது என்று இதைச் சுருக்கிவிடலாம். எனக்கு அது போதாது. 1935-இல் அவர் செய்த செதுக்கோவியம் ஒன்று இருக்கிறது, மினோட்டாரோமக்கி என்று பெயர். எடுத்துப் பார். காளைத் தலை மனிதன், காயம்பட்ட குதிரை, கையில் மெழுகுவர்த்தி பிடித்த சிறுமி எல்லாரும் அதிலேயே இருக்கிறார்கள். குண்டு விழுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்தக் கை இந்த உருவங்களைப் போட்டுப் பழகிவிட்டது. ஆனால் அவை எதற்கு என்று அந்தக் கைக்குத் தெரியாது. குண்டுவீச்சுச் செய்தி ஒரு கேள்வியாக வந்து விழுந்தபோது, பதில் சொல்ல வேண்டிய உருவங்கள் காத்துக்கொண்டிருந்தன. நாலு மாதம் திணறினாரே, அது வீணாகப் போன காலமா? அந்தச் சுவர் எவ்வளவு பெரிது, அதில் எது நிற்கும், எது நிற்காது என்று அந்த நாலு மாதமும் மனதில் அளந்துகொண்டே இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதோடும் முடியவில்லை. டோரா மார் என்ற புகைப்படக் கலைஞர் அந்த ஓவியம் வளர வளரப் படம் எடுத்து வைத்திருக்கிறார். ஆரம்பக் கட்டத்தில் நடுவில் ஒரு கை முஷ்டி மடக்கி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் அது போய்விட்டது. எவ்வளவு வேகமாக வந்த ஓவியத்திலும் முதலில் தோன்றியதை அவர் நம்பிவிடவில்லை. நீ முதல் கோட்டிலேயே சரியாக வர வேண்டும் என்று எதிர்பார்த்து, வராதபோது தாளைத் திருப்பிப் போடுகிறாய். அந்தப் புகைப்படங்களை வரிசையாக வைத்து ஒருமுறை பார்.

கனவில் வந்ததாகச் சொல்கிறார்களே, அதெல்லாம் என்ன என்று கேட்பாய். கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் குப்ளா கான் கவிதை தூக்கத்தில் வந்தது என்றும், எழுந்து எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து கதவைத் தட்டியதால் மீதி மறந்துபோனது என்றும் 1816-இல் அச்சிட்டபோது எழுதினார். தூங்குவதற்கு முன் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்: பழைய பயண நூல் ஒன்றில் மங்கோலியப் பேரரசர் குப்ளா கானின் அரண்மனை பற்றிய பகுதி. பிற்பாடு ஓர் ஆய்வாளர் கோல்ரிட்ஜின் படிப்பையெல்லாம் துருவி, வரிக்கு வரி எந்தெந்தப் பயணக் குறிப்பிலிருந்து என்னென்ன வந்திருக்கிறது என்று 1927-இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். கவிதையின் கையெழுத்துப் படி ஒன்றும் கிடைத்திருக்கிறது. அதில் கவிதையில் வரும் ஒரு மலையின் பெயர் அமாரா. அச்சில் வந்தது அபோரா. கனவு கொடுத்த சொல்லைக்கூடத் திருத்தியிருக்கிறார், மனுஷர்! கதவைத் தட்டிய அந்த ஆள் உண்மையிலேயே வந்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்.

நம் பாரதிக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. குயில் பாட்டைக் கடைசிவரை படித்திருக்கிறாயா? பள்ளிக்கூடத்தில் நடுவில் நாலு வரி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். குயிலும் மாஞ்சோலையும் குரங்கும் மாடும் காதலும் எல்லாம் முடிந்து கவிஞர் கண் விழிக்கிறார். விழித்துப் பார்த்தால் சுற்றிலும் என்ன இருக்கிறது? பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் குவியல், பழம்பாய். வீட்டில்தான் இருக்கிறோம் என்று தெரிகிறது. கனவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை, அறையில் கிடந்த சாமான்களைப் பட்டியல் போட்டுவிட்டார். முன்னோர் எழுதியது, எழுதும் கருவி, அன்றன்றைய உலகச் செய்தி, படுக்க ஒரு பாய். ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த வரியைத்தான் காட்டுவேன். உன் அறையில் இதில் எது குறைகிறது என்று பார். எழுதுகோல் வகையில் நீ கோடீஸ்வரி, அது எனக்குத் தெரியும். சுவடிதான் குறைவு என்று நினைக்கிறேன். கடைசியாக எப்போது இன்னொருவருடைய ஓவியத்தைக் கையால் பார்த்து வரைந்தாய்? கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை. பாக் போன்ற இசை மேதையே விவால்டி என்ற இன்னொரு இசையமைப்பாளரின் இசையைக் கருவி மாற்றி எழுதி எழுதித்தான் அதன் கட்டமைப்பை உள்வாங்கினார்.

போனில் மற்றவர்கள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. அதெல்லாம் அவரவர் கேள்விக்கு அவரவர் கண்ட பதில். நூறு பேர் பதிலைப் பார்த்தால் நம் கேள்வி என்னவென்றே மறந்துபோகும். ராத்திரி போனைக் கொஞ்சம் தூர வை. இதை அம்மா என்கிற முறையிலும் சொல்கிறேன்.

தினமும் குறித்த நேரத்தில் உட்காருவது பற்றி நீ கேட்டாய். டிரோலப் என்று ஒரு நாவலாசிரியர், தபால் துறையில் வேலை. விடியற்காலையில் எழுந்து கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் என்று கணக்கு வைத்து எழுதியவர். நாற்பத்தேழு நாவல்கள். அவர் இறந்த மறுவருஷம், 1883-இல், சுயசரிதை வெளிவந்து இந்த ரகசியம் தெரிந்ததும் வாசகர்கள் பலருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கலை என்றால் மின்னல் அடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குக் கடிகாரம் பிடிக்காதுதானே. ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொள் என்று உனக்குச் சொல்ல மாட்டேன், உன் சுபாவம் எனக்குத் தெரியும், நாலாம் நாளே அதன் மேல் கோபம் வரும். உட்காரும் நேரம் மட்டும் மாறாமல் இருக்கட்டும். அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யக்கூடாது, வரையாமல் சும்மா உட்கார்ந்தாலும் சரி. சைகோவ்ஸ்கி என்ற ரஷ்ய இசையமைப்பாளர் ஒரு கடிதத்தில், உத்வேகம் சோம்பேறிகளிடம் வர விரும்பாத விருந்தாளி என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. சோம்பலும் கொஞ்சம் வேண்டும். வெளியே போனால் பத்து நிமிஷமாவது ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும்.

நடைக்கும் இதில் பங்கு உண்டு. இசையமைப்பாளர் பீத்தோவன் நடக்கப் போகும்போது பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டுதான் போவார். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வில், வெறும் சுவரைப் பார்த்தபடி நடைக்கருவியில் நடந்தவர்களுக்குக்கூட உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிக யோசனைகள் வந்தன. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேட வேண்டிய சோதனையில் நடை உதவவில்லை. ஆக, தேடும்போது நட, முடிக்கும்போது உட்கார்.

கடைசியாக லியோனார்டோ டா வின்சி. கறை படிந்த சுவரை உற்றுப் பார்த்தால் அதில் மலையும் ஆறும் போர்க்களமும் முகங்களும் தெரியும், ஓவியன் இதைப் பழக வேண்டும் என்று அவர் தன் குறிப்பேட்டில் எழுதியது உனக்குச் சின்ன வயசில் சொல்லியிருக்கிறேன். நீயும் குளியலறைச் சுவரில் யானை இருக்கிறது என்று வந்து சொல்வாய். அவர் கறையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், அதை அப்போது சொல்லவில்லை, உனக்குப் புரிந்திருக்காது. கறை யோசனை கொடுக்கும், ஆனால் எதையும் எப்படி முடிப்பது என்று சொல்லித் தராது என்கிறார். சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் ஆட்கள் சொல்வது அந்த மீதிப் பாதி. உனக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. சுவரைப் பார்ப்பதைத்தான் எங்கேயோ விட்டுவிட்டாய்.

இந்த வாரம் ஓவியம் வரைகிறேன் என்று உட்காராதே. உன் அறையில் உன்னைத் தொந்தரவு செய்கிற ஒரு பொருளை எடுத்துக்கொள். ஏன் அது கண்ணை உறுத்துகிறது என்ற கேள்வியோடு அதையே வெவ்வேறு வெளிச்சத்தில் வரை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91 வாக்கில் வைக்கோல் போரை ஏறக்குறைய இருபத்தைந்து ஓவியங்களாக வரைந்தார். வைக்கோல் போரில் அப்படி என்ன இருக்கிறது? அவர் கேட்டது வைக்கோலைப் பற்றி இல்லை, வெளிச்சத்தைப் பற்றி. பிடிக்காமல் போனதைக் கிழிக்காதே, பெட்டியில் போட்டு வை. நான் வரும்போது எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்ப்போம். அழகாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

அப்பா உனக்கு அனுப்ப ஒரு தடித்த நோட்டு வாங்கி வைத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் கோடு போட்டது. "கோடு போட்டதுல அவ எப்படிங்க வரைவா?" என்று கேட்டேன். "தோணுறதை எழுதி வெச்சுக்கட்டுமே" என்கிறார். அனுப்பட்டுமா, இல்லை வெள்ளைத் தாளாக மாற்றி வாங்கச் சொல்லவா? அடுத்த தடவை பேசும்போது சொல்.

அன்புடன்,
அம்மா